தயவா? உரிமையா?



ஒருவன் தரிசைத் திருத்தி, உழுது, விதைத்து, அறுவடையும் செய்கிறான். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து "இந்த நிலம் உன்னுடையதல்ல" என்று சட்டம் சொல்லுமானால் அதற்கு நியாயம் என்றா பெயர்? அமெரிக்காவில் இது நடந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளையே பின்னால் சட்டசபைக்கும் போனார். அவர் பெயர் வில்லியம் ஓவன் புஷ்.

1844ம் வருஷம் அவர் 12 வயதுச் சிறுவர். தகப்பனார் ஜார்ஜ் புஷ் கறுப்பர். தாயார் இசபெல்லா வெள்ளைக்கார அம்மாள். மிசௌரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு, சுமார் 2,000 மைல் கடந்து, மேற்கே ஆரிகன் பிரதேசத்துக்குப் போனார்கள். போன இடத்தில் அவர்களை வரவேற்றது எது? கறுப்பர் அங்கே குடியிருக்கக் கூடாது, மீறினால் 39 வரை கசையடி என்று அவ்வருஷமே செய்த சட்டம்! அது அமுலுக்கு வருமுன்பே 1845ல் ரத்தாயிற்று என்றாலும், அதைச் செய்த புத்தி ரத்தாகவில்லை.

புஷ் குடும்பத்தார் கொலம்பியா நதிக்கு வடக்கே போய், டம்வாட்டருக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். கூட வந்த சிமன்ஸ் முதலிய வெள்ளையர்களும் அவர்களைக் கைவிடாமல் உடன் போனார்கள். ஆனால் 1850ல் அமெரிக்க சர்க்கார் செய்த நிலதானச் சட்டம், வெள்ளையருக்கும் வெள்ளைக் கலப்புள்ள செவ்விந்தியருக்குமே நிலம் என்றது. ஐந்து வருஷம் உழுத புஷ்ஷுக்குப் பட்டா இல்லை!

1852ல் தானியப் பஞ்சம். வியாபாரிகள் அதிக விலை கொடுக்க வந்தார்கள். புஷ் அவர்களுக்கு விற்காமல், புதிதாக வந்த ஏழைக் குடிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். அவர் சோற்றைத் தின்றவர்கள் நன்றி மறக்கவில்லை. பிரதேச சட்டசபையார் மனுச்செய்ய, 1855ல் காங்கிரஸ் அவருக்கென்றே தனிச்சட்டம் செய்து 640 ஏக்கர் கொடுத்தது.

"பார்த்தீர்களா, நல்லவனுக்கு நல்லதே நடந்தது" என்று சிலர் திருப்திப்படலாம். தோழர்களே, சற்று யோசியுங்கள்! தானியம் கொடுக்க வசதியில்லாத கறுப்பனுக்கு எந்தச் சபை மனுப்போட்டது? புஷ்ஷுக்கு நிலம் வந்ததே தவிர, ஓட்டு வந்ததா? இல்லை. 1863ல் ஓட்டில்லாமலே செத்துப்போனார். ஆரிகனிலோ 1857ல் கறுப்பர் வரக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அதை நீக்க 1926 ஆயிற்று. அந்த மண்ணுக்கு ஆதியில் சொந்தக்காரர்களான நிஸ்குவாலி முதலிய பூர்வகுடிகளையோ, 1854ம் வருஷத்து உடன்படிக்கையால் ஒதுக்கு நிலங்களுக்குள் தள்ளினார்கள். ஒருவருக்குக் காட்டும் தயவு ஊருக்கெல்லாம் நியாயமாகிவிடாது. தயவு என்பது கொடுக்கிறவன் கையில் இருக்கிறது. உரிமை என்பது மனிதனோடு கூடப் பிறந்தது.

தகப்பனாருக்கு மறுத்த ஓட்டு 1870ல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தால் ஊர்ஜிதமாயிற்று. மகன் ஓவன் தேர்ந்த விவசாயி; அவருடைய கோதுமை 1876ல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு பெற்றது. 1889ல் வாஷிங்டன் தனி மாகாணமானபோது, அதன் முதல் சட்டசபையில் மெம்பரானார். அங்கே அவர் யாரிடமும் தயவு கேட்கவில்லை. விவசாயக் கல்லூரி வைக்க மசோதா கொண்டுவந்தார். 1890ல் சட்டமாகி ஏற்பட்ட அக்கல்லூரிதான் இன்றைய வாஷிங்டன் ஸ்டேட் சர்வகலாசாலை. தகப்பன் பசித்தவர்களுக்குத் தானியம் கொடுத்தார். பிள்ளை எல்லோருக்கும் படிப்பு கொடுக்க வழிசெய்தார்.

ஆகவே, யாராவது ஒருவனுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு "பார், எங்கள் தாராளத்தை!" என்று சொன்னால், "விலக்கு வேண்டாம், அந்தச் சட்டத்தை எடு" என்று கேளுங்கள்.