ஓட்டத் தெரியும், ரோட்டுல போகத் தெரியுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிள் வெறும் வண்டி இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தாங்க. எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க. குவாரியில் கல் உடைக்கிறவங்க, வயல் வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடிப் பணியாளர்கள்னு எல்லாரும் ஏறினாங்க. 1992-ல் மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணி அடிச்சு, புதுக்கோட்டை டவுனுக்குள்ள வந்தாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினவங்களும் உண்டு.

அன்னைக்கு இருந்த கேலிப் பேச்சு இன்னைக்குக் குறைஞ்சிருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் மாறலை. ஆம்பளை சைக்கிள்ல இருந்து விழுந்தா, “ரோடு சரியில்லை”ன்னு சொல்றாங்க. பொம்பளை விழுந்தா, “உனக்கு எதுக்கு சைக்கிள்?”னு கேக்குறாங்க. ஒரு நாள் விழுந்ததுக்கு வாழ்நாள் பூரா வண்டியைப் பூட்டி வெச்சிடுவாங்க. அதனால பாதுகாப்பா ஓட்டுறது உயிருக்கு மட்டும் காவல் இல்லை, நம்ம போக்குவரத்துக்கும் காவல்.

மைதானத்துல விழாம ஓட்டப் பழகுறது பாதிப் படிப்புதான். மீதிப் பாதி ரோட்டுல இருக்கு.

முதல் விதி, எப்பவும் இடது பக்கம். “எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்துப் போனா பயமில்லை”ன்னு சிலர் வலது பக்கம் ஓட்டுறாங்க. அது நடந்து போறவங்களுக்குச் சொன்னது, சைக்கிளுக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்க மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க, லாரி 50-ல வருது. பின்னால இருந்து வந்தா 35 கிலோமீட்டர் வேகத்துலதான் உங்களை நெருங்கும். எதிர்ல வந்தா 65. டிரைவர் உங்களைப் பார்த்து ஒதுங்குறதுக்கு அவகாசமே இருக்காது.

இரண்டாவது, வலது பக்கம் திரும்புறது. கவனம் இல்லைன்னா இது விபத்துக்கு இடம் கொடுக்கும். முதல்ல திரும்பிப் பாருங்க. பிறகு வலது கையை நல்லா நீட்டுங்க. வழி கிடைச்சாத்தான் திரும்பணும். கிடைக்கலைன்னா ஓரமா நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கிட்டே கடந்து போங்க. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

மூன்றாவது, பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடது பக்கத்துல இருக்கிற சந்துல நுழையாதீங்க. அங்க இருக்கிற உங்களை டிரைவரால பார்க்க முடியாமப் போகலாம். வண்டி இடது பக்கம் ஒடிச்சா நீங்க சக்கரத்துக்கிட்ட போயிடுவீங்க. பின்னாலயே நில்லுங்க.

நான்காவது, பேசிக்கிட்டே ஜோடியா போறது. கதை பேச ஊர்ல திண்ணை இருக்கு. ரோட்டுல ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான்.

புறப்படும் முன்னால நாலு விஷயம் பாருங்க: காற்று, ரெண்டு பிரேக், செயின், மணி. மழையில பிரேக் சட்டுனு பிடிக்காது, அதனால முன்கூட்டியே மெதுவாக்குங்க. முந்தானையை இழுத்துச் செருகுங்க. துப்பட்டாவைப் பின்னால முடிச்சுப் போடுங்க. கேரியர்ல உக்காந்த பிள்ளையோட கால் ஸ்போக்ஸுக்குள்ள போயிடும், வலை கட்டுங்க, கால் வைக்க மிதி போடுங்க. குடத்தை ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டா வண்டி சாயும். புல்லுக்கட்டு பின்னால வர்ற வண்டிக்காரர் கண்ணுல இருந்து ரிப்ளெக்டரை மறைக்கக் கூடாது. இருட்டின பிறகு முன்னால விளக்கு, பின்னால சிவப்பு ரிப்ளெக்டர் ரெண்டும் வேணும்.

இதெல்லாம் கேட்டா மட்டும் வராது, பழகணும். பள்ளிக்கூட மைதானத்துல கோலமாவால நேர்க்கோடு ஒண்ணு போடுங்க. ஒருத்தி கோட்டு மேல ஓட்டட்டும். இன்னொருத்தி பின்னால நின்னு விரல்களைக் காட்டட்டும். ஓட்டுறவங்க திரும்பிப் பார்த்து எத்தனை விரல்னு சொல்லணும், கோடு விட்டு விலகக் கூடாது. அடுத்து, ஒரு கையை நீட்டிக்கிட்டே ஓட்டணும். அடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சு அதுக்கு முன்னால நிறுத்தணும். கடைசியா, இதையே பின்னால சுமை வெச்சு செய்யணும். இந்த நாலும் தடுமாறாம வந்த பிறகு, வண்டி குறைவா ஓடுற ஊர்ப் பாதையில, நல்லா ஓட்டுற ஒருத்தர் பின்னால வர, போய்ப் பழகுங்க. மெயின் ரோடு அதுக்கப்புறம்தான்.

அரசு தர்ற சைக்கிளை ஓட்டிக்கிட்டு நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்க. வண்டி கைக்கு வந்துடுச்சு, ரோட்டுப் பழக்கத்தை நாமதான் கொடுக்கணும். அதனால ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் மாசத்துல ஒரு சாயங்காலம் மைதானத்துக்கு வாங்க. சேமிப்புப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுற மாதிரி, யாரு எதுவரைக்கும் பழகினாங்கன்னு நோட்டுல எழுதுங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.

நம்மளைச் சைக்கிள்ல இருந்து இறக்க ஒரு காரணம் தேடுறவங்களுக்கு, அந்தக் காரணத்தை நாம கொடுக்க வேண்டாம்.