வராதவரையும் எண்ணுவோம்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை.)



அடுத்த மருத்துவ முகாமை எப்படி நடத்தலாம் என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முதலில் என் மனதில் பல வருடமாக இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் முன்பு குடியிருந்த பகுதியில் ஒரு முகாம் நடந்தது. நானும் உதவிக்குப் போயிருந்தேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் வந்து உட்கார்ந்தார். பிரஷர் 170க்கு 100. இரண்டு தடவை பார்த்தேன், அதேதான். "டாக்டரை அவசியம் பாருங்கண்ணே" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "சரிம்மா" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் அன்றைய வருமானம் போய்விடும். அவர் டாக்டரிடம் போகவில்லை. நானும் தினமும் அந்த வழியாகத்தான் போனேன், ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன் பிறகு அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவில்லை.

அந்த முகாமின் அறிக்கையில் 'பயனடைந்தோர்' என்று ஒரு எண்ணிக்கை போட்டிருந்தோம். அதில் அவரும் ஒருவர்.

அவர் வீட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. நல்ல திட்டம்தான், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த அட்டை, படுத்த பிறகு உதவுவது. படுக்காமல் பார்த்துக்கொள்ள வேறு வேலை செய்ய வேண்டும். அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிய, கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டும்.

இதற்கு நம் மதுரையிலேயே பாடம் இருக்கிறது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அவர்களுடைய கண் முகாம்கள் சுற்றுப்பட்டு கிராமங்களில் எல்லாருக்கும் தெரியும். எந்த முகாமிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. கூட்டத்தைப் பார்த்தால் எல்லாரும் வந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

ஆனால் வந்தவர்களை மட்டும் எண்ணாமல், ஊருக்குள் போய் கண்ணில் குறை உள்ளவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 1999இல் வெளியானது. வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். முகாம் பக்கத்திலேயே நடக்கிறது, காசும் இல்லை, இருந்தும் தொண்ணூற்று மூன்று பேர் வரவில்லை. பயம், செலவு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது என்று காரணங்கள் இருந்தன. கண்புரை அறுவைக்கு மக்கள் வரத் தயங்குவது பற்றி மதுரை வட்டாரக் கிராமங்களில் செய்து 1991இல் வெளியான இன்னொரு ஆய்விலும் இரண்டு விஷயம் தெரிந்தது. போக்குவரத்து, சாப்பாடு உட்பட முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் வருகிறவர்கள் கூடுகிறார்கள். ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னால் அது எடுபடுகிறது.

அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. முகாமுக்காகக் காத்திருக்காமல் எந்த நாளும் போய்க் கண் காட்டுவதற்கு, 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரமான விஷன் சென்டர்களைத் தொடங்கினார்கள். அங்கிருந்தே மருத்துவமனை டாக்டரிடம் கணினி வழியாகப் பேசலாம்.

அமெரிக்காவில் இதை இன்னும் கறாராகச் செய்கிறார்கள். அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் திட்டங்களுக்கே 'ஹெடிஸ்' என்ற அளவீடுகளை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஒரு கேள்வி: உங்கள் உறுப்பினர்களில் பிரஷர் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த வருடம் கடைசியாகப் பார்த்த அளவு 140க்கு 90க்குக் கீழே இருக்கிறது? இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒருவருக்கு அந்த வருடம் பிரஷரே பார்க்கவில்லை என்றால், அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது. கட்டுப்பாட்டில் இல்லாதவர் என்றே எழுத வேண்டும். வராதவரும் கணக்கில் உண்டு, அவருக்கும் திட்டம்தான் பொறுப்பு.

நம் மாநிலத்திலும் இப்படி ஒரு கணக்கு எடுத்தார்கள். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் ஏழு பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. சர்க்கரையில் நூற்றுக்குப் பதினொரு பேர். மற்றவர்களில் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தும் மாத்திரை எடுக்காதவர்கள் உண்டு. எடுத்தும் அளவு குறையாதவர்கள் உண்டு.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகு எடுத்த இரண்டாவது கணக்கெடுப்பில் இரண்டு நோயிலுமே கட்டுப்பாடு நூற்றுக்குப் பதினேழு பேர் அளவுக்கு வந்திருக்கிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மீதி எண்பத்து மூன்று பேர் எங்கே? பகலில் கதவு தட்டும்போது வேலைக்குப் போயிருப்பவர்கள் அதில் இருப்பார்கள். நம் குடியிருப்பிலும் அதே கதைதான்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முகாம் முடிந்ததும் அறிக்கையில் 'எத்தனை பேர் வந்தார்கள்' என்று மட்டும் போட வேண்டாம். நான்கு எண்கள் போடுவோம். ஒன்று, நம் குடியிருப்பில் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர். இரண்டு, அவர்களில் இந்த வருடம் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேர். மூன்று, அளவு கூடுதலாக இருந்தவர்களில் ஒரு மாதத்துக்குள் டாக்டரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர். நான்கு, ஆறு மாதம் கழித்துக் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர். மொத்தம் என்பதில் காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள், நம் தெரு வண்டிக்காரர்கள் எல்லாரையும் சேர்க்க வேண்டும்.

முகாமை வாரநாள் காலை பத்து மணிக்கு வைத்தால் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள்தான் வருவோம். ஞாயிறு காலையிலும், இன்னொரு நாள் மாலை ஏழு மணிக்கு மேலும் வையுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்து, சீட்டு வாங்கிப் போனவரிடம் இரண்டு வாரம் கழித்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மாத்திரைக்குக் காசு இல்லாதவரை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகவும் ஆள் வேண்டும்.

எச்சரிக்கையாக மூன்று விஷயம். ஒன்று, அளப்பது சரியாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, இரண்டு தடவை பார்க்க வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது, யாருடைய அளவும் வாட்ஸ்அப் குழுவுக்கு வரக்கூடாது. அறிவிப்புப் பலகையில் எண்ணிக்கை மட்டும்தான், பெயர் கிடையாது. விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் கூடாது. மூன்றாவது, எந்தத் தெரு முதலிடம் என்று பரிசு வைக்காதீர்கள். பரிசு வைத்தால் 144ஐ 138 என்று எழுதக் கை வரும். நம் எண் குறைவாக இருந்தால் குறைவாகவே போடுவோம். முதல் வருடம் வெட்கப்படும்படியாகத்தான் இருக்கும். அதை மறைக்காமல் வைத்தால்தான் அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்று தெரியும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டு, ஒரு நல்ல பிரஷர் மெஷின், தெருவுக்கு ஒரு ஆள். நோட்டுப் போடும் வேலையை முதல் வருடம் நானே எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த அண்ணனிடம் "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று நான் கேட்டிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. இனி அந்தக் கேள்வியைக் கேட்காமல் நம் குடியிருப்பில் ஒருவரும் விடுபடக் கூடாது.