ஸ்கானரும் பொது விதியும்



ஸ்கானரில் வைத்த படம், போட்டோஷாப் போன்ற படம் திருத்தும் மென்பொருளுக்குள் நேரே வந்து நிற்பதைக் கண்டு, "என்ன மாயமோ!" என்று வாய் பிளப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் மாயம் யாதொன்றும் இல்லை. யந்திரம் காகிதத்தின்மேல் வெளிச்சம் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாய் அளந்து எண்களாக்குகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், ஒரு சதுர அங்குலத்திற்கு 90,000 புள்ளிகள். உள்ளே போவது இவ்வெண்களேயாகும்.

முன்பு ஒவ்வொரு கம்பெனியின் யந்திரமும் ஒவ்வொரு பாஷை பேசிற்று. மென்பொருள் செய்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி எழுதித் தொல்லைப்பட்டார்கள். 1992-ல் ஆல்டஸ், கோடக், ஹியூலெட் பாக்கார்ட், லாஜிடெக் முதலிய கம்பெனிகள் கூடி 'ட்வெயின்' என்னும் பொது விதியைச் செய்தன. அதன்படி மென்பொருள் படம் கேட்கிறது. நடுவிலுள்ள ஒரு நிரல் அக்கேள்வியை யந்திரத்தின் டிரைவரிடம் சேர்க்கிறது. டிரைவர் எண்களைக் கணினியின் நினைவகத்தின் வழியே ஒப்படைக்கிறது. நாம் முதலில் கோப்பாகச் சேமித்து, பிறகு திறக்க வேண்டியதில்லை.

இவ்விதி வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. வியாபாரத்தில் போட்டியிடுகிறவர்களே கூடிப் பேசிச் செய்து, குறை கண்டபோது திருத்தியும் வந்தார்கள்.

இதனால் நமக்கென்ன என்பீர்களானால், டிரைவர் இல்லாத யந்திரம் ஊமையேயல்லாமல் பிணமல்ல. ஆதலால் "பழைய ஸ்கானர் கெட்டுவிட்டது, புதிது வாங்கு" என்று எவராவது சொன்னால், மடியை அவிழ்க்குமுன், "உன் கணினிக்கேற்ற டிரைவர் அதற்கு இருக்கிறதா?" என்று தேடிப் பாருங்கள். தெரிந்து கேட்கிறவனை ஏமாற்றுவது கஷ்டம் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.