இல்லமும் உள்ளமும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வைகை ஒன்று; அதில் ஓடிவரும் நீரும் ஒன்று. அந்நீரே சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலைக்குக் காரத்தைத் தருகின்றது. அடுத்த வயலில் நெற்கதிருக்குப் பாலைத் தருகின்றது. வரப்போரத்து வேம்பிற்குக் கசப்பைத் தருவதும் அதுவே. அங்ஙனமாயின் சுவையை அமைப்பது நீரா, நிலமா, வித்தா?

மனிதனைப் பற்றியும் இவ்வினா எழுவதுண்டு. ஒருவனுடைய குணத்தை அமைப்பது பிறப்பா, வளர்ப்பா, சூழலா? பிள்ளையைப் பெற்றோர் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் இதனை எண்ணிக் கலங்காதிருப்பதில்லை. ஒரே வீட்டில் பிறந்து, ஒரே உலையில் வெந்த சோற்றை உண்டு வளர்ந்த இருவர் இருவேறு திசைகளில் செல்வதைக் காணும்போது அக்கலக்கம் மேலும் மிகுகின்றது.

இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அன்னை மீனாட்சியின் திருக்கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், சொக்கப்ப நாயக்கன் தெருவில், 11ஆம் எண் கொண்ட வீடு ஒன்று உள்ளது. இன்று அது இரமண மந்திரம் என்று வழங்கப்பெறுகின்றது. அவ்வீட்டில் வளர்ந்த இரு சகோதரர்களின் வரலாறே ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

திருச்சுழியில் வழக்குகளை எடுத்து நடத்தி வந்தவர் சுந்தரம் ஐயர். அவருடைய இல்லத்தரசி அழகம்மாள். இவர்களுடைய மூத்த மகன் நாகசுவாமி. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிறந்த இரண்டாம் மகன் வேங்கடராமன். வெளியூரிலிருந்து வருவோர்க்கு இடமும் உணவும் அளிப்பது அவ்வீட்டின் வழக்கம். 1892ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தாயார் இளைய குழந்தைகளுடன் மானாமதுரையில் தங்கினார். மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் வீட்டிற்கு வந்து சேர்ந்தனர். அப்போது வேங்கடராமனுக்கு வயது 12.

தந்தையை இழந்த சோகம், உறவினர் வீட்டு வாழ்க்கை, ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி என்று வேங்கடராமனுக்கு வாய்த்த சூழல் பெரிதும் தமையனுக்கும் வாய்த்ததே. நாகசுவாமி பொறுப்புடன் கல்வியில் கருத்தைச் செலுத்தினார். தம்பிக்கோ கால்பந்து, மற்போர், நீச்சல் ஆகியவற்றிலேயே நாட்டம். ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றல் இருந்தும் பாடத்தில் ஆர்வம் இல்லை. அவன் உறங்கிவிட்டால் எழுப்புவது அரிது. விழித்திருக்கும்போது அவனை நெருங்க அஞ்சிய சிறுவர்கள், உறங்கும்போது தூக்கிச் சென்று அடித்து மகிழ்ந்து, மீண்டும் படுக்கையில் கிடத்திவிட்டுச் செல்வார்களாம்!

அக்காலத்தில் அவன் திருக்கோயிலுக்குச் சென்றதில்லையா? நண்பர்களுடன் எப்போதேனும் சென்றதுண்டு. சந்நிதியைக் கண்டதுண்டு, திருநீறும் குங்குமமும் அணிந்ததுண்டு. ஆயினும் உள்ளத்தில் ஓர் அசைவும் இல்லாமலேயே வீடு திரும்பினான். கோயில் அங்கேதான் இருந்தது. அவனும் அங்கேதான் இருந்தான். காலம் மட்டும் கனியவில்லை.

அந்நாளில் சுப்பையர் இரவலாகப் பெற்று வந்த பெரியபுராணம் அவ்வீட்டில் இருந்தது. படிக்குமாறு அவனை எவரும் வற்புறுத்தவில்லை. தானே எடுத்துப் புரட்டினான். அறுபத்து மூவரின் அன்பும் துணிவும் அவனை ஆட்கொண்டன. 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், மாடியில் தனித்திருந்தபோது மரண அச்சம் அவனைப் பற்றியது. உடல் இறந்தாலும் இறவாத ஒன்று உண்டு என்னும் தெளிவு அப்போது பிறந்தது. அதன்பின் பெரும்பாலும் மாலைதோறும் திருக்கோயிலுக்குச் சென்றான். முன்பு அசைவின்றிக் கடந்த அதே சந்நிதிகளின் முன் இப்போது கண்ணீர் பெருகி நின்றான்!

சூழல் மனிதனைச் சிற்பி கல்லைச் செதுக்குவது போலச் செதுக்குவதில்லை. அஃது ஒரு தண்ணீர்ப் பந்தலைப் போன்றது. தாகம் எடுக்கும் வேளையில் கைக்கெட்டும் இடத்தில் நீர் இருக்க வேண்டும், அவ்வளவே. அந்த நூல் அவ்வீட்டில் இல்லாதிருந்தால், அத்திருக்கோயில் நடக்கும் தொலைவில் இல்லாதிருந்தால், அவனுடைய தாகம் எங்கே சென்று தணிந்திருக்கும்?

இனி வளர்ப்பின் தடத்தைக் காண்போம். 1896 ஆகஸ்டு 29ஆம் நாள். ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதி வருமாறு வேங்கடராமனுக்குத் தண்டனை. இருமுறை எழுதியவன் தாளை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீட்டு வசதியும் எதற்கு என்னும் பொருள்படத் தமையன் கடிந்துரைத்தார். அக்கடுமொழியில் பகை இல்லை. தம்பியின் எதிர்காலம் பற்றிய கவலையே இருந்தது. தம்பியோ அதனை உண்மை என்றே ஏற்றுக்கொண்டான். வீட்டை விட்டுப் புறப்படத் துணிந்தான்.

சிறப்பு வகுப்பு இருப்பதாகக் கூறியபோது, பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துத் தம்முடைய கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திவிடுமாறு தமையன் சொன்னார். வழிச்செலவிற்கு 3 ரூபாய் போதும் என்று கணக்கிட்டவன் எஞ்சிய 2 ரூபாயை வைத்துவிட்டான். தன்னைத் தேடிப் பணத்தைச் செலவிட வேண்டா என்றும், தமையனின் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் கடிதம் எழுதி வைத்தான். உலகையே துறக்கப் புறப்பட்டவனுக்கு அந்த இரண்டு ரூபாயின் கணக்கு ஏன்? அதுதான் வளர்ப்பு! பிறர் பொருளை எண்ணிப் பார்க்கும் பழக்கம், அனைத்தையும் உதறிய அந்நொடியிலும் அவனை விட்டு நீங்கவில்லை.

செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவ்விளைஞரே பின்னர் பகவான் இரமண மகரிஷி என்று உலகம் போற்ற விளங்கினார். பிற்காலத்தில் ஆசிரமச் சமையற்கூடத்தில் விடியுமுன் அமர்ந்து காய் நறுக்குவார். பிறர்க்கு இல்லாத எதனையும் தமக்கெனத் தனியே பரிமாற இசையார். வந்தோர்க்கெல்லாம் அங்கு உணவு உண்டு. திருச்சுழியில் சுந்தரம் ஐயர் விரித்த இலை அண்ணாமலையின் அடிவாரத்திலும் விரிந்தது எனலாம் அன்றோ? 1916ஆம் ஆண்டு முதல் தாயார் மகனுடனேயே தங்கி, 1922ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். மகனுக்குச் சூழலாக இருந்த தாய்க்கு, முடிவில் மகனே சூழலாக அமைந்தார்!

இதே மதுரையில், அனுமந்தராயன் கோயில் தெருவில், வீணை வாசித்த சண்முகவடிவு அம்மாளின் இல்லத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். அங்கு வளர்ந்த மக்களுள் சக்திவேல் மிருதங்கத்தையும், வடிவாம்பாள் வீணையையும் பற்றினர். 1916ஆம் ஆண்டில் பிறந்த சுப்புலட்சுமி வாய்ப்பாட்டில் உலகப் புகழ் பெற்று, 1998ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருதும் பெற்றார். வீட்டுக் காற்றில் நிறைந்திருந்தது இசை. அதில் எதனை எடுத்துக்கொள்வது என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்ததாயிற்று.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் எதனை வைத்திருக்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். கைபேசி எட்டுகின்றது, தொலைக்காட்சி எட்டுகின்றது. ஒரு நல்ல நூல் எட்டுகின்றதா? வீட்டிற்கு வந்தவரை முகமலர்ந்து வரவேற்பதைப் பிள்ளை காண்கின்றதா? பிறர் பணத்தைப் பெரியோர் எவ்வாறு கையாள்கின்றனர் என்பதை அது பார்த்துக்கொண்டே இருக்கின்றது என்பதை மறவாதீர்கள். நல்லனவற்றை வையுங்கள், திணிக்காதீர்கள். அண்ணனை அளந்த கோலால் தம்பியை அளக்காதீர்கள். இன்று அசைவின்றிக் கோயிலைக் கடந்து செல்லும் பிள்ளை, நாளை அங்கேயே கண்ணீர் மல்க நிற்கலாம்.

வேம்பைக் கரும்பாக்க எவராலும் இயலாது. வேம்பும் மருந்தாகும், நிழலும் தரும். நீர் வார்ப்பதே நம் கடமை. அக்கடமையில் தளராதிருக்க அங்கயற்கண்ணி அம்மையின் திருவருள் அனைவர்க்கும் துணை நிற்பதாக!