முத்திரையிடும் கை



ஒரு துண்டுக் காகிதம் இரு பெரும் நாடுகளைப் பல்லாண்டுகள் பகை கொள்ளச் செய்த வரலாறு ஒன்றைக் கூற விழைகின்றேன். நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலம் அது. அமெரிக்கப் பன்றி இறைச்சியில் டிரிகினா என்னும் நுண்புழு உள்ளதெனக் கூறி 1879இல் இத்தாலியும், 1881இல் பிரான்சும், 1883இல் ஜெர்மனியும் அதனைத் தடை செய்தன. தம் நாட்டு உழவரைக் காக்கவே ஜெர்மனி நோயைச் சாக்காகக் காட்டுகிறது என்று அமெரிக்கர் வாதிட்டனர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அரசு சோதித்தளித்த சான்றிதழ் அமெரிக்கர் கையில் இல்லை. ஆதலின் அவர்தம் சொல் அம்பலம் ஏறவில்லை.

1890, 1891ஆம் ஆண்டுகளில் ஆய்வுச் சட்டங்கள் பிறந்தன. நுண்நோக்கி கொண்டு இறைச்சியைச் சோதிக்கும் பணியில் சிகாகோ நகரில் பெண்கள் அமர்த்தப்பட்டனர். 1891 செப்டம்பரில் ஜெர்மனி தடையை நீக்கியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். அந்நுண்நோக்கிச் சோதனை ஏற்றுமதிச் சரக்கிற்கு மட்டுமே. உள்நாட்டில் உண்போர்க்கு அது கிட்டவில்லை. அயலான் கேட்டான், பெற்றான். ஏழை கேட்கவில்லை, பெறவில்லை. அப்டன் சின்கிளேர் எழுதிய புதினம் மக்களைக் கொதித்தெழச் செய்த பின்னரே, 1906இல் விரிவான இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது 1918இல்.

இதனால் நாம் அறிவது யாது? உழைப்பவன் கை ஒன்று. முத்திரையிடும் கை வேறொன்று. மாட்டின் உடற்கூற்றை நம் முன்னோர் நூலின்றியே அறிந்திருந்தனர். அவ்வறிவிற்குச் சமுதாயம் அளித்த பரிசு இழிவு. அதே அறிவைக் கல்லூரியில் கற்றுப் பட்டம் பெற்றவர்க்கோ ‘டாக்டர்’ என்னும் மதிப்பு! சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. இன்று நம் அண்டை மாவட்டமாகிய தஞ்சையில், ஒரத்தநாட்டிலேயே அத்தகைய கல்லூரி உள்ளது. தா.பழூரிலிருந்து அது எட்டாத் தொலைவன்று.

இளைஞர்களே! மேல்நிலை வகுப்பில் உயிரியலைத் துணிந்து எடுங்கள். பெண்மக்களையும் அனுப்புங்கள். உண்ணும் உணவு தூயதா என வினவும் உரிமையையும், தூயதே எனக் கையொப்பமிடும் தகுதியையும் ஒருங்கே பெறுங்கள். இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், அம்முத்திரை நம் பிள்ளைகள் கையிலும் இருக்கட்டும்.