கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால்

பொட்டிபுரத்தில் ஊர் கூடியிருக்கும் மேடையில் கூசாமல் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களில் பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டியும் நிற்பதில்லை. உதிரம் கட்டி கட்டியாகப் படுகிறது. மலைச்சரிவில் துணி மாற்ற மறைவிடம் தேடுவதே தனிப் பாடு. வீட்டில் சொன்னால், "பொம்பளைன்னா அப்படித்தான்" என்கிறார்கள்.

அப்படி இல்லை.

கர்ப்பப்பையின் தசையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி இதற்கு ஒரு முக்கியக் காரணம். சினைப்பை நீர்க்கட்டி வேறு, இது வேறு. ஏலக்காய் அளவிலும் இருக்கும், தேங்காய் அளவுக்கும் வளரும். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, 50 வயதுக்குள் பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு இது வந்துவிடுவதாகக் கணக்கிட்டது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. கட்டி என்றதும் உயிர் நடுங்க வேண்டியதில்லை.

அளவைவிட, இருக்கும் இடம்தான் பெரும்பாலும் தொல்லையைத் தீர்மானிக்கிறது. உட்புறச் சவ்வை ஒட்டிய சின்னக் கட்டிகூட உதிரத்தைக் கொட்ட வைக்கும். வெளிப்புறம் வளர்ந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும். அடிக்கடி சிறுநீர் வரும். மலச்சிக்கல், இடுப்புவலி, சிலருக்குக் கரு தங்காமை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. எல்லாம் கட்டியால் வந்ததல்ல. ஆனால் மேடேறும்போது மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாது, இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைவிடக் கவலை தருவது அடுத்து நடப்பதுதான்: கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மாதவிடாய்த் தொல்லையால் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டாலும் அங்கே அபராதம். அங்கே கரும்பு, இங்கே ஏலக்காய். போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பது இரண்டுக்கும் பொது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றி நடந்த அறுவைகள் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எடுக்கவே கூடாது என்பதல்ல. சிலருக்கு அதுதான் சரியான தீர்வு. ஆனால் அது மட்டுமே வழியல்ல. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் வைத்த லூப், கட்டியை மட்டும் அகற்றும் அறுவை, கட்டிக்குப் போகும் இரத்த ஓட்டத்தை அடைக்கும் சிகிச்சை எனப் பல உண்டு. "கட்டி எந்த இடத்தில்? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? சினைப்பையையும் எடுப்பீர்களா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் முன்பே இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் எலும்பு தேயும், இதய நோய் அபாயம் கூடும். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இரண்டாவது கருத்தும் கேட்கலாம். ஆண்கள் அந்த ஒருநாள் கூலியைப் பார்க்காமல் கூடப் போங்கள்.

மாதவிடாய் நின்றபின் இந்தக் கட்டி பொதுவாகச் சுருங்கிவிடும். நின்று ஓராண்டு கழிந்தபின் சொட்டு உதிரம் பட்டாலும், பழைய கட்டிதான் என்று விட்டுவிடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.