பின்தொடரத் தக்கார்



உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையாரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. கேள்வியால் அறிந்தனர், அறிந்தமையால் நெஞ்சு கலந்தனர். மைந்தரொடு மாறுபட்டு மன்னன் வடக்கிருந்தபோது, அதுவரை வாராத அப்புலவர்க்கு ஓர் இடம் ஒழித்து வைக்குமாறு கூறினான். புலவரும் வந்து சேர்ந்தார். நட்பு என்னும் அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், பழகாவிடினும் உணர்ச்சி ஒத்தலே நட்பாம் என்பதற்கு இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். காணாத ஒருவரைத் தேர்ந்து நெஞ்சில் இருத்துதல் தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கு இப்புறநானூற்றுச் செய்தி ஒன்றே அமையும்.

இன்று காணாதவரை அறிந்துகொள்ளும் வாயில்கள் பெருகிவிட்டன. முகநூல் 2004-லும், யூடியூப் 2005-லும், ட்விட்டர் 2006-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும் தோன்றின. விரல் ஒன்றை அசைத்த அளவில் உலகின் எம்மூலையில் உள்ளவரையும் பின்தொடரலாம். தொடர்தல் எளிதாயிற்று, தேர்தலோ அரிதாயிற்று. யாரைப் பின்தொடர்வது என்னும் வினாவைச் சிறிதென ஒதுக்குதற்கில்லை. நாள்தோறும் கண்ணிற் படும் சொற்களே நாளடைவில் எண்ணமாகின்றன. எண்ணம் வாக்காகவும் செயலாகவும் விளைகிறது. திருவள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே சிற்றினம் சேராமையை வைத்த முறைமையும் ஈண்டு எண்ணத்தக்கது.

செய்தி பெருகுமிடத்துக் கவனம் வறுமைப்படும் என்னும் கருத்தை ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971-லேயே வெளியிட்டார். இல்லந்தோறும் கணிப்பொறி வாராத காலம் அது. அவர் கூறியது இன்று கண்கூடாயிற்று. ஒரு நாளின் பொழுது அன்றும் இன்றும் 24 மணியே. அப்பொழுதைக் கேட்டு வாயிலில் நிற்போரோ எண்ணிறந்தோர்.

இந்நெருக்கடியில் தேர்வுப் பணியைப் பலர் தம் கையிலிருந்து நழுவவிட்டனர். ட்விட்டர் தொடக்கத்தில், பின்தொடரப்பட்டோர் எழுதியவற்றைக் கால வரிசையிலேயே காட்டியது. 2016-ல் அல்காரிதம் எனப்படும் நிரல் அவ்வரிசையை முடிவு செய்யும் முறை வந்தது. முகநூலில் 2009-ல் விருப்பக்குறி தோன்றியது. எதன்மேல் கண் நெடிது நிற்கிறது, எதற்கு உடனே மறுமொழி எழுகிறது என்பதை நிரல் நன்கறியும். அது மெய்யா பொய்யா என்பதை அறியாது. சினமும் வியப்பும் கண்ணை நிறுத்துவன. ஆதலின் அவற்றை விளைப்போரே மேலே வருகின்றனர்.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 126,000 செய்திகளை ஆராய்ந்து 2018-ல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மெய்ச்செய்தியினும் பொய்ச்செய்தி பிறரால் பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்பது அவர்தம் முடிவு. அதற்குப் பெரிதும் காரணமானவை தானியங்கிக் கணக்குகள் அல்ல. மனிதரே என்பதும் அவ்வாய்வால் தெளிந்தது. பொய் புதுமையாக இருத்தலின் கை முந்துகிறது.

புகழின் அடையாளங்களும் முன்போல் துணை நிற்பதில்லை. இன்னார் இன்னாரே என உறுதி செய்தற்கு 2009-ல் ஏற்பட்ட ட்விட்டரின் சரிபார்ப்புக் குறி, அத்தளம் 2022-ல் கைமாறிய பின்னர்க் கட்டணம் செலுத்துவோர்க்கு உரியதாயிற்று. பழைய குறிகள் 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் தளத்தின் பெயரே எக்ஸ் என மாறியது. குறியும் கூட்டமும் காட்டிக்கொடா எனின், தக்காரை எவ்வாறு கண்டுகொள்வது? அண்மைக் கால நிகழ்ச்சிகள் இரண்டு இவ்வினாவிற்கு விடை பகர்கின்றன.

முதலாவது, 2015-ஆம் ஆண்டுச் சென்னைப் பெருமழை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பின, அடையாறு கரைகடந்தது. அந்நாட்களில் நாசாவின் பெயரால் ஒரு பொய் எச்சரிக்கை கைப்பேசிதோறும் பரவி மக்களை மேலும் கலங்கச் செய்தது. அக்கலக்கத்திடையே பல்லாயிரவர் நாடியது ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்னும் முகநூற் பக்கத்தை. அதனை எழுதிய பிரதீப் ஜான் வானிலைத் துறையின் அலுவலர் அல்லர். ஆர்வத்தால் மழையைப் பயின்றவர். ரேடார்ப் படத்தைக் காட்டினார். பழைய ஆண்டுகளின் மழைக் கணக்கோடு ஒப்பிட்டார். அஞ்ச வேண்டாவிடத்து அஞ்சேல் என்றார். தாம் சொல்வதன் அடிப்படை யாது என்பதைப் படிப்போர் கண்முன் வைத்ததே அவர்பால் நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம்.

இரண்டாவது, கொரோனாப் பெருந்தொற்று. அந்நோய் காற்றுவழிப் பரவுவதன்று என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று ட்விட்டரில் அறிவித்தது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களை ஆராய்வோர் அதனை ஏற்கவில்லை. அவருள் ஒருவர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பொறியியற் பேராசிரியை லின்சி மார். மூடிய அறையில் சிகரெட்டுப் புகை பரவுமாறு போல நோய்த்துகளும் பரவும் என அவரும் அவர்தம் துறையினரும் எளிய உவமையால் விளக்கினர். சாளரம் திறத்தலின் பயனையும் முகக்கவசத்தின் இயல்பையும் எடுத்துரைத்தனர். 2020 ஜூலையில் 239 அறிவியலார் ஆதரவோடு ஒரு திறந்த மடல் வெளிவந்தது. 2021-ல் அந்நிறுவனம் தன் விளக்கத்தை மாற்றி அமைத்தது. லின்சி மார் 2023-ல் மக்ஆர்தர் நல்கை பெற்றார். அவர் போன்றோரைத் தொடக்கத்திலேயே பின்தொடர்ந்தோர் சாளரத்தைத் திறந்து வைத்தனர். மேசையைத் துடைப்பது மட்டுமே போதும் என இருந்தோர்க்கு அக்காப்புக் கிட்டவில்லை. உயிரோடு தொடர்புடைய தேர்வு இது.

இவ்விரு நிகழ்ச்சிகளால், நிறுவனங்கள் எல்லாம் பொய்யென்றோ தனியாட்கள் எல்லாம் மெய்யென்றோ கொள்ளலாகாது. அதே பெருந்தொற்றின்போது, நிறுவனங்களை மறுத்த தனியாட்கள் பலர் பொய் மருந்துகளைப் பரப்பினர். வேறுபாடு பதவியில் இல்லை, முறையில் உள்ளது. தக்கார் தாம் அறிந்தது எவ்வாறு என்பதைக் காட்டுவர். உறுதியானதையும் ஐயத்திற்குரியதையும் பிரித்துரைப்பர். பிழை நேர்ந்தவழி, அதனை அழித்து மறைக்காது, திருத்தி அறிவிப்பர். தம் துறை முடியுமிடத்தில் பேச்சை நிறுத்துவர். தம்மினும் வல்லாரைச் சுட்டிக்காட்டுவர். நாள்தோறும் எல்லாப் பொருள் பற்றியும் ஐயமின்றி முழங்குபவர் ஈராயிரம் பேரை ஈர்க்கலாம், இருபது இலட்சம் பேரையும் ஈர்க்கலாம். பின்தொடரத் தக்கார் ஆகார்.

தக்கார் ஒருவர் கிடைத்தபின் வழி எளிது. அவர் யாரை மேற்கோள் காட்டுகிறார், யாரொடு பணிவாக மாறுபடுகிறார் என நோக்குதல் வேண்டும். ஒரு புலவரிடம் பாடங்கேட்ட மாணவன் அவர் கைகாட்டிய மற்றொரு புலவரிடம் செல்வது நம் பழைய கல்வி மரபு. அம்மரபே இங்கும் பயன் தரும். ஒருவர்தம் பக்கத்தை மட்டும் படித்து அவரை மதிப்பிடுதலும் தவறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017-ல் வரலாற்றறிஞர் 10 பேர், செய்தி சரிபார்ப்போர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோரை ஒப்பிட்டனர். தளத்தின் தோற்றத்திலேயே மயங்கினோர் பலர். சரிபார்ப்போரோ உடனே அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் கூறுவது யாது எனத் தேடி, விரைவில் உண்மை கண்டனர்.

ஒத்த கருத்தினரையே கூட்டி வைத்தலும் குறையே. புதிய வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பரினும் மேலோட்டமாகப் பழகியோர் வழியே மிகுதியும் வந்தது என மார்க் கிரனோவெட்டர் 1973-ல் காட்டினார். நெருங்கியோர் அறிந்தது தாமும் அறிந்ததாகவே இருக்கும். விலகி நிற்பவரே புதியது கொணர்வார். ஆதலின் வேற்றுத் துறையினர், வேற்று ஊரினர், நயத்தக்க நாகரிகத்தோடு மாறுபடுவோர் சிலருக்கும் இடம் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, உரத்த குரலற்றோரைத் தேடுதல் வேண்டும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், நாடு பலவற்றில் வாழும் தமிழர் ஒருவரையொருவர் காணாமலே பண்டை நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் ஏற்றினர். அவர்தம் உழைப்பால் பயனுற்றோர் பலர். அவர் பெயரை அறிந்தோர் சிலர். அத்தகையோர் இன்றும் கல்வெட்டுப் படிக்கின்றனர், பறவை கணக்கிடுகின்றனர், வட்டாரச் சொற்களைத் தொகுக்கின்றனர். நிரல் அவர்களைத் தானே கொண்டு வந்து தாராது. நாடிச் செல்வோர்க்கே அவர் கிட்டுவர்.

இலக்கிய வட்டம் என்பதும் இத்தேர்வின் பழைய வடிவமே. யார் பேசுவதைக் கேட்பது, யார் நூலைப் படிப்பது எனக் கூடி ஆய்ந்து பத்தாண்டுகள் கழிந்தன. அவ்வாய்வைக் கைப்பேசியின் முன்னும் கைவிடாதிருத்தலே வேண்டுவது. கோப்பெருஞ்சோழன் எல்லார்க்கும் இடம் ஒழித்து வைக்கவில்லை. தக்க ஒருவர்க்கு வைத்தான். தகாதவர் நீங்கினாலன்றித் தக்கார்க்கு இடம் இராது. பின்தொடர்வோர் பட்டியலை ஆண்டிற்கு ஒரு முறையேனும் எடுத்து நோக்கிக் களைய வேண்டியோரைக் களைந்தால், வரவேண்டியவர் வந்து அமர இடம் உண்டாகும்.